யாழ்ப்பாணத் தீண்டாமை ஒழிப்புப் போராட்டம்

இலங்கையின் வடபகுதியில் 1966 முதல் 1970களின் தொடக்கம் வரை, தேநீர்க்கடை, கோயில், பொதுக்கிணறு ஆகியவற்றில் சமவுரிமை கோரி நடந்த வெகுசனப் போராட்டம். வண்ணார், அம்பட்டர், பள்ளர், நளவர், பறையர் ஆகியோர் யாழ்ப்பாணத்தில் பஞ்சமர் என்று ஒருசேரக் குறிக்கப்பட்டனர். போராட்டத்தில் அடிபட்டோரும் சிறை சென்றோரும் பெரும்பாலும் இவர்களே.

வழக்கங்களின் வேர் பழையது. 1707இல் ஒல்லாந்த அதிகாரி கிளாஸ் ஐசாக்ஸ் தொகுத்த தேசவழமையில் அடிமைகளுக்கெனத் தனிப் பகுதியே உண்டு. கோவியர், நளவர், பள்ளர் ஆகியோர் அடிமை குடிமைகளாக வைக்கப்பட்டிருந்தனர். ஆங்கிலேயர் 1844இல் அடிமை முறையைச் சட்டப்படி நீக்கினர். ஆனால் நிலமும் கோயிலும் கிணறும் ஆதிக்கச் சாதியான வெள்ளாளர் கையிலேயே இருந்ததால், குடிமைத் தொழில் எனப்பட்ட பரம்பரைச் சாதி ஊழியம் தொடர்ந்தது. ஆறுமுக நாவலரின் சைவ மறுமலர்ச்சியும் இதில் கைவைக்கவில்லை.

முதல் உரசல் பள்ளிக்கூடத்தில் எழுந்தது. கிறிஸ்தவ மிஷன் பாடசாலைகளில் சேர்ந்த பஞ்சமப் பிள்ளைகளும் வாங்கில் இடமின்றி நிலத்தில் இருந்தே படித்தனர். 1920களில் ‘சம ஆசனம், சம போசனம்’ என்ற கோரிக்கை வலுத்தது. 1924இல் மாணவர் காங்கிரசாகத் தோன்றிய யாழ்ப்பாண வாலிபர் காங்கிரசும், அதன் முன்னோடி ஹன்டி பேரின்பநாயகமும் இதற்குத் துணை நின்றனர். சம ஆசனம் ஆணையானபோது சில ஊர்களில் பாடசாலைகளுக்கே தீ வைக்கப்பட்டது. பஞ்சமருக்கும் வாக்கு தரும், டொனமூர் ஆணைக்குழு பரிந்துரைத்த சர்வசன வாக்குரிமையைச் சேர் பொன்னம்பலம் இராமநாதன் எதிர்த்ததும் இக்காலத்தில்தான். 1931இல் அந்த வாக்குரிமை நடைமுறைக்கு வந்தது. 1940களில் சிறுபான்மைத் தமிழர் மகாசபை உருவாகி, மனு, மாநாடு, பேச்சுவார்த்தை என்ற வழியில் இயங்கியது.

1957ஆம் ஆண்டின் 21ஆம் இலக்கச் சமூகக் குறைபாடுகள் ஒழிப்புச் சட்டம் பொது இடங்களில் சாதித் தடையைக் குற்றமாக்கியது. நடைமுறையில் பெரிதாக எதுவும் அசையவில்லை. பல தேநீர்க்கடைகளில் பஞ்சமருக்கு வாங்கு தரப்படவில்லை. வெளியே நின்று, போத்தலிலோ தகரப்பேணியிலோ ஊற்றித் தரும் தேநீரைத்தான் குடிக்க வேண்டியிருந்தது. மகாசபையின் மனுக்களால் திறவாத கதவை வீதிப் போராட்டமே திறந்தது.

அதை நடத்தியது நா. சண்முகதாசன் தலைமையிலான பீக்கிங் சார்புக் கம்யூனிஸ்ட் கட்சி. 1966 ஒக்டோபர் 21 அன்று சுன்னாகத்திலிருந்து யாழ்ப்பாணம் நோக்கி ஊர்வலம் புறப்பட்டது. பொலிஸார் தடியடி நடத்தியும் அது கலையவில்லை. மறு ஆண்டு தீண்டாமை ஒழிப்பு வெகுசன இயக்கம் அமைந்தது. சங்கானை, நெல்லியடி, கொடிகாமம் முதலிய இடங்களில் இளைஞர் கடைக்குள் சென்று வாங்கில் அமர்ந்து, எல்லோருக்குமான கிளாசில் தேநீர் கேட்டனர். சங்கானைப் பக்கத்தில் மோதல் முற்றி உயிர்கள் பலியாயின. உயிரிழப்புக்குப் பின்னரும் இயக்கம் தளராததால் கடைக்காரர் பலர் வழிக்கு வந்தனர்.

கோயில்கள் அவ்வளவு எளிதில் வழிக்கு வரவில்லை. 1968 ஆண்டுத் திருவிழாவின்போது மாவிட்டபுரம் கந்தசுவாமி கோயில் வாசலில் சத்தியாக்கிரகம் தொடங்கியது. உள்ளே விடாமல் தடுத்தோரின் முன்னணியில் நின்றவர் முன்னாள் அமைச்சரும் கணிதப் பேராசிரியருமான சி. சுந்தரலிங்கம். 1957 சட்டத்தின் கீழ் தண்டிக்கப்பட்ட அவர், வழக்கத்தைக் காப்பது தம் உரிமை என்று இலண்டன் பிரிவி கவுன்சில் வரை சென்றும் தோற்றார். அந்நாளில் தமிழரசுக் கட்சி வெள்ளாள வாக்குகளுக்கு அஞ்சித் துணிந்து பேசவில்லை. 1965இல் அமைந்த டட்லி சேனநாயக்க அரசுக்கு அது அளித்து வந்த ஆதரவும் அந்த மௌனத்துக்குத் தோதாயிற்று.

இப்போராட்டம் ஈழத்து இலக்கியத்திலும் பதிந்தது. மாவிட்டபுரப் போராட்டத்தை வைத்து என். கே. ரகுநாதன் ‘கந்தன் கருணை’ நாடகத்தை எழுதினார். கே. டானியலின் ‘பஞ்சமர்’ நாவல், இவ்வாழ்க்கையை உள்ளிருந்தே சொன்ன முதன்மையான படைப்பு.

1970இல் மகாசபையின் எம். சி. சுப்பிரமணியம் நியமன உறுப்பினராகப் பாராளுமன்றம் சென்றார். 1971இல் சமூகக் குறைபாடுகள் ஒழிப்புச் சட்டம் திருத்தப்பட்டது. பின்னர் இனப்பிரச்சினையும் போரும் சாதிப் பேச்சைப் பின்தள்ளின. தேநீர்க்கடைப் பாகுபாடு இன்று இல்லை. கோயில்களில் அப்படிச் சொல்ல முடியாது: 2018இல் வரணியில் ஒரு கோயில் தேரை, ஒடுக்கப்பட்ட மக்கள் வடம் பிடிப்பதைத் தவிர்க்க, பெக்கோ இயந்திரத்தால் இழுத்தனர்.