இத்தாலிய மொழியின் நிகழ்காலக் கொன்ஜுந்தீவோ

இத்தாலியத்தில் ஒரு வினை, ஐயம், விருப்பம், அச்சம், தேவை ஆகியவற்றைச் சார்ந்து நிற்கும்போது எடுக்கும் நிகழ்கால வடிவம் கொன்ஜுந்தீவோ பிரெசெந்தே எனப்படும். நடப்பதை நடப்பதாகவே சொல்லும் வடிவம் இந்திகாத்தீவோ. மரியா பேசுகிறாள் என்பது உறுதியாகத் தெரிந்தால் 'சோ கே மரியா பார்லா' என்பர். பேசுகிறாள் என்று கருதுவதோடு சரி என்றால் 'கிரேதோ கே மரியா பார்லி' என்பர். தமிழில் இதற்கு முழு இணை இல்லை. வியங்கோள் இதன் ஒரு மூலையை மட்டும் தொடுகிறது: 'வாழ்க இத்தாலி' என்பதற்குரிய 'வீவா லித்தாலியா'வில் உள்ள 'வீவா' கொன்ஜுந்தீவோவே.

வடிவங்கள்

'பேசு' எனப் பொருள்படும் பார்லாரே போன்ற -ஆரே வினைகள் ஒருமையில் மூன்று இடத்துக்கும் பார்லி என்ற ஒரே வடிவம் கொள்ளும். பன்மையில் பார்லியாமோ, பார்லியாதே, பார்லினோ என வரும். 'எழுது' என்னும் ஸ்க்ரீவெரே முதலான மற்றவற்றில் ஒருமை ஈறு ஆகாரம்: ஸ்க்ரீவா, ஸ்க்ரீவியாமோ, ஸ்க்ரீவியாதே, ஸ்க்ரீவானோ. ஃபினீரே (முடி) வகையில் ஒருமையிலும் படர்க்கைப் பன்மையிலும் இடையே -இஸ்க்- புகுந்து ஃபினீஸ்கா, ஃபினீஸ்கானோ என்றாகும்.

ஒழுங்கற்றவை எனப்படும் வினைகளில் பெரும்பாலானவை உண்மையில் ஒழுங்கானவையே. தன்மை ஒருமையின் ஓகாரத்தை ஆகாரமாக்கினால் போதும்: வாதோ–வாதா (போ), வெங்கோ–வெங்கா (வா), தீக்கோ–தீக்கா (சொல்), எஸ்கோ–எஸ்கா (வெளியேறு). இந்த வழிக்கு வராதவை சில: சீயா (இரு), அப்பியா (கொண்டிரு), சாப்பியா (அறி), தீயா (கொடு), ஸ்தீயா (நில்). அன்றாடப் பேச்சில் அதிகம் புழங்குபவையும் இவையே என்பது மாணவரின் துரதிர்ஷ்டம்.

வரலாறு

ஈறுகள் இப்படி ஏறுமாறாக அமைந்ததற்குக் காரணம், பொது இத்தாலியத்துக்கு அடிப்படையான ஃபுளோரன்ஸ் நகரப் பேச்சு. இலத்தீனில் 'நேசி' என்னும் வினை அமெம், அமேஸ், அமெத் என ஓடியது. மற்ற வினைகள் ஆகாரம் கொண்டன. இறுதி மெய்கள் உதிர்ந்தபின் முதல் வகையில் தன்மைக்கும் படர்க்கைக்கும் ஏகார ஈறு எஞ்சியது. முன்னிலை மட்டும் இகரம் பெற்றது. அந்த இகரம் பக்கத்து இடங்களுக்கும் பரவியதன் விளைவே இன்றைய ஆமி, ஆமி, ஆமி. மற்ற வகைகளிலோ முன்னிலையும் பின்னாளில் ஆகாரத்துக்குள் இழுக்கப்பட்டது. பழைய முன்னிலை முற்றிலும் மறையவில்லை. அப்பி, சாப்பி என்னும் ஏவல் வடிவங்களில் இன்றும் இருக்கிறது.

சில வினைகளின் இரட்டித்த மெய்யும் இலத்தீன் எச்சமே. ஹபேயாம், ஃபாகியாம், சாபியாம் ஆகியவற்றில் மெய்க்குப் பின் வந்த யகர ஒலி, முன்னின்ற மெய்யை அழுத்தி இரட்டிக்கச் செய்தது: அப்பியா, ஃபாச்சா, சாப்பியா. 'வா' என்னும் வினைக்குப் பழைய ஃபுளோரன்ஸில் வேஞ்ஞா என்ற வடிவம் இருந்தது. வெங்கா பிற்பாடு வந்தது. தீயா, ஸ்தீயா இரண்டும் சீயாவைப் பார்த்து உருவானவை.

-இயாமோ ஈற்றின் கதை இன்னும் சுவையானது. இது கொன்ஜுந்தீவோவில் பிறந்த ஈறு. 13ஆம் நூற்றாண்டளவில் ஃபுளோரன்ஸில் எல்லா வினைகளுக்கும் பரவி, இந்திகாத்தீவோவையும் கைப்பற்றி, அங்கிருந்த -ஆமோ, -ஏமோ, -ஈமோ ஈறுகளைத் துரத்திவிட்டது. அதனால்தான் 'நாம் பேசுகிறோம்' என்பதற்கு இரண்டிலும் பார்லியாமோ ஒன்றே. ரோம் நகரப் பேச்சில் பழைய ஈறு பிழைத்திருக்கிறது. அங்கே 'போவோம்' என்பது ஆன்னாமோ.

இத்தாலியத்தின் முதல் இலக்கணத்தை லியோன் பத்திஸ்தா ஆல்பெர்தி 1440ஐ ஒட்டி எழுதினார். ஆனால் அது கையெழுத்துப்படியாகவே முடங்கிக் கிடந்தது. அச்சேறிய முதல் இலக்கணம் ஃபோர்த்தூனியோவுடையது (1516, அன்கோனா). எந்த வடிவம் செம்மை என்பதைத் தீர்மானித்தது பியெத்ரோ பெம்போ 1525இல் வெளியிட்ட உரையாடல் நூல். வெனிஸ்காரரான பெம்போ, தம் காலத்து ஃபுளோரன்ஸ் பேச்சை ஒதுக்கி, 14ஆம் நூற்றாண்டின் பெத்ரார்க்காவையும் பொக்காச்சோவையும் அளவுகோலாக நாட்டினார். அவர் காலத்து ஃபுளோரன்ஸ்காரர்கள், மாக்கியவெல்லி உட்பட, படர்க்கைப் பன்மையில் அப்பினோ, வெங்கினோ என்று தயக்கமின்றி எழுதினர். பெம்போவுக்குப்பின் அப்பியானோ, வெங்கானோ செம்மையாயின, மற்றவை கொச்சையாயின. 1583இல் தோன்றிய குரூஸ்கா அகாதெமி 1612இல் வெளியிட்ட அகராதியும் பெரும்பாலும் 14ஆம் நூற்றாண்டின் பக்கமே நின்றது.

தோற்ற வடிவங்கள் சந்தைக் கூவலிலும் நகைச்சுவையிலும் ஒதுங்கின. 'வாருங்கள் ஐயாமாரே' எனக் கூட்டம் சேர்க்கும் திருவிழாக் குரல் இன்றும் வெங்கினோ என்றே கேலியாகப் பதியப்படுகிறது. பாவ்லோ வில்லாஜ்ஜோ நடித்த 'ஃபன்தோத்ஸி' (1975) படத்தின் டென்னிஸ் காட்சியில், பாத்தா (அடியுங்கள்) என்று சொல்ல வேண்டிய இடத்தில் ஒரு குமாஸ்தா பாத்தி என்கிறார்; மற்றவர் அதையே கொன்ஜுந்தீவோ என்று ஏற்றுக்கொள்கிறார். -ஆரே வினைக்குரிய இகரத்தைப் பிற வினைக்கு ஏற்றும் இந்தப் பிழை (வாதி, ஃபாச்சி) கற்பவரிடம் மட்டுமல்ல, தாய்மொழியாளரிடமும் உண்டு.

கற்றல்

கற்பவர் இதை இலக்கணமாக அறியுமுன்பே பேசத் தொடங்கிவிடுகிறார். அந்நியரை 'லேய்' என மரியாதையோடு விளிக்கும் ஏவல் முழுவதும் கொன்ஜுந்தீவோவே: ஸ்கூசி (மன்னியுங்கள்), சென்தா (கேளுங்கள்), தீக்கா (சொல்லுங்கள்), அஸ்பெத்தி (பொறுங்கள்). பாடமாக வருவது வழக்கமாக ஐரோப்பிய மொழித்திறன் அளவுகோலின் பி1 நிலையில். இத்தாலியப் பள்ளிக் குழந்தைகள் ஒவ்வொரு வடிவத்தின் முன்னும் 'கே' (என்று) சேர்த்து ஒப்பிக்கின்றனர்.

ஒருமை மூன்றும் ஒன்றாக இருப்பதால் யாரைச் சொல்கிறோம் என்பது மயங்கும். ஆகவே மற்ற இடங்களில் விடப்படும் 'தூ' (நீ) இங்கே சொல்லப்பட வேண்டும்: பென்சோ கே தூ சீயா. இரண்டு வினைக்கும் எழுவாய் ஒருவரே என்றால் கொன்ஜுந்தீவோ வேண்டியதில்லை. 'போகலாம் என்று நினைக்கிறேன்' என்பது பென்சோ தி அந்தாரே. பென்கே (இருந்தாலும்), அஃபின்கே (பொருட்டு), ப்ரீமா கே (முன்) ஆகிய இணைப்புகளுக்குப் பின் இது கட்டாயம். 'எனில்' என்னும் நிபந்தனைச் 'சே'யின் பின் நிகழ்கால வடிவம் வராது. அங்கே கொன்ஜுந்தீவோ வந்தால் அது இறந்தகால வடிவமான ஃபோஸ்ஸி வகை. 

கிரேதோ கே-யின் பின் இந்திகாத்தீவோ வருவதைச் சிலர் மொழியின் சாவாகவே பார்க்கின்றனர். அந்தக் கூக்குரல் மிகை. பழைய ஃபுளோரன்ஸ் உரைநடையிலேயே அப்படி எழுதினர். இன்று அது பேச்சுநடை, எழுத்தில் தவிர்க்கத்தக்கது.

தெற்கில் நிலைமை வேறு. சிசிலியப் பேச்சில் நிகழ்காலக் கொன்ஜுந்தீவோ ஏறக்குறைய இல்லை. இறந்தகால வடிவமே மரியாதை ஏவலாகவும் நிற்கிறது. அதனால் பலெர்மோவில் வாழும் ஈழத்தமிழர் வகுப்பில் வெங்கா என்று படித்துவிட்டுக் கடைத்தெருவில் வெனிஸ்ஸே என்று கேட்பதுண்டு.

2018 இறுதியிலிருந்து திருமணம் அல்லது வசிப்பு வழியாக இத்தாலியக் குடியுரிமை கோருவோர், இந்த வடிவம் பாடமாக வரும் அதே பி1 நிலைக்கான சான்று காட்ட வேண்டும். பெருஜா, சியேனா பல்கலைக்கழகங்கள் இதற்கான தேர்வுகளை நடத்துகின்றன.