தேநீர்க் கெண்டியும் துபாஷியும்

நம் ஊர்ப் பழைய பத்திரங்களைப் புரட்டியவர்களுக்கு ஒரு விஷயம் தெரிந்திருக்கும். மனையின் படம் அதில் இருக்காது, இருந்தாலும் மங்கிப்போயிருக்கும். ஆனால் எக்டேர், ஆர், சாந்தியார் என்று அளவும் நாற்புற எல்லையும் ஒழுங்காக எழுதியிருந்தால் போதும். எழுதியவர், விற்றவர், வாங்கியவர் மூவருமே காலமாகிவிட்டாலும் அந்த மனை எது என்று காட்டிவிடலாம். வடிவத்தை எண்ணாக்கி ஏட்டில் ஏற்றுவது ஒரு வேலை. ஏட்டிலிருந்து மறுபடியும் வடிவத்தை எழுப்புவது இன்னொரு வேலை.

முப்பரிமாணப் பொருள்களை வைத்துக் கணினி செய்வதும் இந்த இரண்டு வேலையைத்தான். இந்த வரலாற்றில் பிரெஞ்சுக்காரர்களின் பங்கு கணிசமானது. பிரெஞ்சுப் பள்ளியில் படித்து, பிறகு சர்க்கார் கோப்புகளோடு காலம் தள்ளியவன் என்பதால், பொறியியல் படிக்கும் என் பேத்தி இதைப் பற்றிச் சொன்னபோது எனக்கு ஆர்வம் வந்துவிட்டது. தேடிப் படித்ததை அன்பர்களோடு பகிர்ந்துகொள்கிறேன்.

கதை அமெரிக்காவின் யூட்டா பல்கலைக்கழகத்தில் தொடங்குகிறது. 1960களின் இறுதியில் ஐவன் சதர்லேண்ட், டேவிட் எவன்ஸ் என்ற இரு பேராசிரியர்கள் அங்கே கணினியில் படம் வரையும் கலைக்கு ஒரு பட்டறையே நடத்தினார்கள். அங்கு ஆராய்ச்சிக்குப் போன பிரெஞ்சு இளைஞர் ஆன்ரி கூரோ. அவருக்கு மனித முகம் ஒன்று தேவைப்பட்டது. முகத்தை அளக்கும் கருவி எதுவும் அந்நாளில் இல்லை. தம் மனைவி சில்வியின் முகத்தில் கட்டம் கட்டமாகக் கோடு போட்டார். புகைப்படம் எடுத்து, கோடுகள் சந்திக்கும் ஒவ்வொரு புள்ளிக்கும் நீளம், அகலம், உயரம் என மூன்று எண்களைக் கணித்துக் கணினியில் ஏற்றினார். கட்டங்களாகவே வரைந்தால் முகம் சீவிய மரக்கட்டை போலத் தெரியும். ஒரு மூலையிலிருந்து அடுத்த மூலைக்கு வெளிச்சத்தைப் படிப்படியாக மாற்றிக்கொண்டே போனால் வழவழப்பாகிவிடும் என்று கண்டுபிடித்தார். 1971இல் முனைவர் பட்டம் பெற்றார். அந்த முறைக்கு இன்றும் அவர் பெயர்தான்.

அதே யூட்டாவில் 1975இல் மார்ட்டின் நியூவெல் என்பவர் தம் வீட்டுத் தேநீர்க் கெண்டியைக் கட்டத்தாளில் வரைந்து எண்களாக்கினார். யோசனை சொன்னது அவர் மனைவி. உருண்ட உடல், வளைந்த மூக்கு, துளையுள்ள கைப்பிடி, தனியாக மூடி என்று சோதனைக்கு வேண்டிய எல்லா வளைவும் அந்த ஒரு பாத்திரத்தில் இருந்தன. நியூவெல் அந்த எண்களைப் பூட்டி வைக்கவில்லை, கேட்டவர்களுக்குக் கொடுத்தார். அதனால் உலகம் முழுவதும் முப்பரிமாணப் படம் கற்கும் பிள்ளைகளுக்கு அந்தக் கெண்டிதான் அரிச்சுவடி ஆயிற்று. அசல் கெண்டி இன்று கலிபோர்னியாவிலுள்ள கணினி வரலாற்று அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

கெண்டியின் வளைவுகளை எழுத நியூவெல் பயன்படுத்திய கணக்குக்கு பெசியே வளைகோடு என்று பெயர். பியேர் பெசியே ரெனோ கார் கம்பெனியின் பொறியாளர். கார் உடலின் வளைவைச் சில புள்ளிகளைக் கொண்டே சொல்லிவிடும் முறையை 1960களில் வெளியுலகுக்கு எடுத்துச் சொன்னார். ஆனால் சித்ரோன் கம்பெனியில் போல் தெ காஸ்தெல்ழோ என்ற கணித அறிஞர் 1959லேயே இதைக் கண்டுபிடித்திருந்தார். கம்பெனி அதை ரகசியமாக வைத்துக்கொண்டது. பெயர் பெசியேக்குப் போயிற்று. தெ காஸ்தெல்ழோவின் முன்னுரிமை உலகுக்குத் தெரிய வெகுகாலம் பிடித்தது. பூட்டிய பீரோவில் இருக்கும் கோப்பு இல்லாத கோப்புக்குச் சமம் என்று எங்கள் அலுவலகத்தில் பெரியவர்கள் சொல்வார்கள். அது இங்கேயும் பொருந்துகிறது.

எண்களாக்கியாயிற்று. அடுத்து எந்த வரிசையில் எழுதி வைப்பது? இங்கேதான் ஆளுக்கொரு படிவம் வந்தது. 1980களில் வேவ்ஃபிரண்ட் என்ற நிறுவனம் ஓபிஜே என்ற படிவத்தைக் கொண்டுவந்தது. முப்பரிமாண அச்சு எந்திரம் செய்த நிறுவனம் எஸ்டிஎல் என்றது. 1990களில் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தார் பிஎல்ஒய் என்றார்கள். 1994இல் அவர்கள் ஒரு மண் முயல் பொம்மையை லேசர் ஒளியால் அளந்து 69,451 முக்கோணங்களாக்கியது பிரசித்தம்.

இவற்றின் வித்தியாசம் நம்மைப் போன்ற குமாஸ்தாக்களுக்கு எளிதில் விளங்கும். ஒரு கனசதுரப் பெட்டியை எடுத்துக்கொள்ளுங்கள். அதற்கு மூலைகள் 8, பக்கங்கள் 6. பக்கத்துக்கு இரண்டாக 12 முக்கோணங்கள். ஓபிஜே முதலில் 8 மூலைகளையும் வரிசையாகப் பதிவு செய்யும். பிறகு 'இந்த முக்கோணம் 1, 2, 3ஆம் மூலைகளால் ஆனது' என்று வரிசை எண்ணை மட்டும் குறிக்கும். பதிவேட்டில் ஒருமுறை முகவரி எழுதிவிட்டு, பிறகு எண்ணை மட்டும் சுட்டுவது போல. எஸ்டிஎல் அப்படியல்ல. ஒவ்வொரு முக்கோணத்துக்கும் மூன்று மூலைகளின் முழு விவரத்தையும் திரும்பத் திரும்ப எழுதும். 8 மூலைகளுள்ள பெட்டிக்கு 36 பதிவுகள்! அதைவிடப் பெரிய குறை, எஸ்டிஎல் கோப்பில் அலகு கிடையாது. 10 என்றிருக்கும். பத்து மில்லிமீட்டரா, பத்து அங்குலமா? பொருள் 25 மடங்கு பெரிதாகிவிடும். வேறு சில கோப்புகளில் எது மேல்திசை என்பதிலேயே ஒற்றுமை இல்லை. ஒன்றில் நிற்கும் சிலை இன்னொன்றில் படுத்துக் கிடக்கும்.

இந்தக் குழப்பத்தைத் தீர்க்க ஒரு பொது மொழிபெயர்ப்பாளர் வேண்டியிருந்தது. பல நாட்டு நிரலாளர்கள் சேர்ந்து இலவசமாக உருவாக்கிய அசிம்ப் என்ற நிரல் நூலகம் அதுதான். நாற்பதுக்கும் மேற்பட்ட படிவங்களைப் படித்து எல்லாவற்றையும் ஒரே அமைப்பில் தரும். ஆனால் அது சி பிளஸ் பிளஸ் என்ற கடினமான மொழியில் எழுதப்பட்டது. இன்றைய மாணவர்கள் பேசுவது பைத்தான். டச்சுக்காரர் குய்டோ வான் ராசம் உருவாக்கி 1991இல் வெளியிட்ட எளிய மொழி அது. இரண்டுக்கும் நடுவே ஒருவர் நிற்கவேண்டும். அவர் பெயர் பைஅசிம்ப்.

புதுச்சேரிக்காரர்களுக்கு இதைப் புரியவைக்க ஒரே சொல் போதும்: துபாஷி. துய்ப்ளெக்சுக்கு ஆனந்தரங்கப் பிள்ளை இருந்தது போல. பைஅசிம்ப் தானாக எந்தக் கோப்பையும் படிக்காது. மாணவர் பைத்தானில் 'இந்தக் கோப்பைத் திற' என்று கேட்பதை அசிம்பிடம் அதன் மொழியில் சொல்லும். பதிலாக வரும் மூலைகள், முக்கோணங்கள், நிறங்கள் அனைத்தையும் பைத்தானுக்குப் பழக்கமான பட்டியலாக வாங்கித் தரும். நாலே வரியில் வேலை முடிந்துவிடும். முடிந்ததும் எடுத்துக்கொண்ட நினைவகத்தை விடுவிப்பதும் அதன் கடமை.

துபாஷிக்குரிய சங்கடங்களும் இதற்கு உண்டு. கணினியில் அசிம்ப் இல்லாமல் பைஅசிம்பை மட்டும் நிறுவினால் பயனில்லை. துரை ஊரில் இல்லாதபோது துபாஷியிடம் மனுக் கொடுத்து என்ன ஆகும்? துரை புதுப் பதிப்பாகவும் துபாஷி பழைய பதிப்பாகவும் இருந்துவிட்டால் இன்னும் மோசம். பதிவேட்டின் கட்டங்கள் மாறியது தெரியாமல் படித்தால், பெயர் இருக்கவேண்டிய இடத்தில் தொகை வந்து நிற்குமே, அந்த மாதிரி ஆகிவிடும்.

இத்தனையும் வெறும் பொம்மை விளையாட்டா என்று சிலர் கேட்கலாம். பாரிசின் நோத்ர்தாம் தேவாலயத்தை நினைத்துப் பாருங்கள். ஆண்ட்ரூ டாலன் என்ற கலை வரலாற்றுப் பேராசிரியர் 2010இல் அதை லேசரால் அளந்தார். அவர் பதிவு செய்த புள்ளிகள் நூறு கோடிக்கும் மேல். 2018 நவம்பரில் அவர் காலமானார். ஐந்தே மாதத்தில், 2019 ஏப்ரல் 15 அன்று, தேவாலயத்தின் கூரை எரிந்து கோபுரம் சரிந்தது. மீண்டும் கட்டியவர்களுக்குத் துணை நின்ற அளவுகளில் அவருடையதும் ஒன்று. 2024 டிசம்பரில் தேவாலயம் மறுபடியும் திறக்கப்பட்டது. அளந்தவரிடம் சந்தேகம் கேட்க வழியில்லை. கோப்பு தானாகவே பேசவேண்டியிருந்தது, பேசியது. அது திறக்கமுடியாத படிவத்தில் இருந்திருந்தால், அத்தனை உழைப்பும் அவரோடு போயிருக்கும்.

நம் தெருக்களிலும் பழைய வீடுகள் ஒவ்வொன்றாகக் குறைந்து வருகின்றன. முற்றத்துத் தூண்களையும் வாசற்கதவுகளையும் கைப்பேசியாலேயே முப்பரிமாணத்தில் பதிவு செய்யும் வசதி இப்போது வந்துவிட்டது. உங்கள் வீட்டுப் பிள்ளைகள் அப்படிச் செய்தால் ஊக்குவியுங்கள். கூடவே இரண்டு விஷயம் சொல்லுங்கள். ஒரே கம்பெனியின் மென்பொருள் மட்டும் திறக்கும் படிவத்தில் விட்டுவிடாமல், எல்லோரும் படிக்கும் பொதுப் படிவத்திலும் ஒரு பிரதி வைக்கட்டும். எந்த வீடு, எந்தத் தெரு, எந்தத் தேதி, அளவு மீட்டரா அங்குலமா என்று ஒரு சிறு குறிப்பையும் அதோடு சேர்த்து எழுதி வைக்கட்டும். கோப்பின் மேல் விவரச்சீட்டு ஒட்டாமல் அலமாரிக்கு அனுப்பக்கூடாது என்பது எங்கள் காலத்து விதி. கணினிக் கோப்புக்கும் அதே விதிதான்.