திருகோணமலைக்கு வராத பல்கலைக்கழகம்

நிலாவெளி றோட்டில் பஸ்ஸில் போனால், கோணேசபுரியில் கொண்டக்டர் "கம்பஸ் இறக்கம்" என்று கூப்பிடுவார். தமிழ், முஸ்லிம், சிங்களம் என்று எல்லாப் பிள்ளைகளும் இறங்குவார்கள். இது கிழக்குப் பல்கலைக்கழகத்தின் திருகோணமலை வளாகம். 1993இல் இணைந்த பல்கலைக்கழகக் கல்லூரியாகத் தொடங்கி, 2001இல் வளாகமானது. எங்கட ஊருக்குப் பல்கலைக்கழகம் வந்த கதை இவ்வளவுதான் என்று நானும் நினைச்சிருந்தேன். ஆனால் அதுக்கு முப்பது வருசத்துக்கு முன்னமே, இங்கே ஒரு முழுப் பல்கலைக்கழகம் வேணும் என்று பெரிய வாதம் நடந்திருக்கு.

1942இல் தொடங்கிய இலங்கைப் பல்கலைக்கழகம் ஆங்கிலத்தில் படிப்பித்தது. 1956இல் தனிச் சிங்களச் சட்டம். 1959இல் இரண்டு பிரிவெனாக்கள் வித்தியோதய, வித்தியாலங்காரப் பல்கலைக்கழகங்களாக மாறின. அப்ப தமிழில் படிக்கிற பிள்ளை எங்கே போறது? தமிழ்ப் பல்கலைக்கழகக் கோரிக்கை சூடு பிடிச்சது இந்தக் கேள்வியில்தான்.

வேணும் என்பதில் எல்லாரும் ஒற்றுமை. எங்கே என்பதில்தான் பிரச்சினை. தமிழரசுக் கட்சி திருகோணமலை என்றது, தமிழ்க் காங்கிரஸ் யாழ்ப்பாணம் என்றது. தமிழரசுக் கட்சிக்கு இது வெறும் கட்டடம் இல்லை. வடக்கையும் கிழக்கையும் சேர்க்கிற இடம் இது, குடியேற்றங்கள் வேகமாக நடந்துகொண்டிருந்த மாவட்டமும் இதுதான். போதாததற்கு, 1957இல் பிரித்தானியக் கடற்படை துறைமுகத்தை விட்டுப் போனதால் ஊரின் பெரிய தொழில்வாய்ப்பும் போயிருந்தது.

பல்கலைக்கழகத்துக்காக இப்படி மல்லுக்கட்டியது நாங்கள் மட்டுமில்லை. அயர்லாந்தில் 1592இல் தொடங்கிய டிரினிட்டி கல்லூரி புரட்டஸ்தாந்தருடைய கோட்டை. கத்தோலிக்கர் 1854இல் நியூமனை வைத்துத் தங்களுக்கென்று ஒன்று தொடங்கினார்கள். அது தடுமாறி, கடைசியில் 1908இல்தான் அரச அங்கீகாரத்தோடு தேசியப் பல்கலைக்கழகம் வந்தது. அரை நூற்றாண்டுக்கு மேலான இழுபறி.

எங்கட இழுபறி வேறு மாதிரி முடிஞ்சது. 1965இல் தமிழரசுக் கட்சி டட்லி அரசாங்கத்தில் சேர்ந்தது. பல்கலைக்கழகம் வரவில்லை. 1968இல் கோணேசர் கோயில் சூழலைப் புனிதப் பிரதேசமாக்கும் விடயத்தில் முரண்பட்டு அமைச்சர் திருச்செல்வம் பதவி விலகினார், கட்சியும் வெளியேறியது. 1974 ஒக்டோபர் 6ஆம் திகதி சிறிமாவோ யாழ்ப்பாண வளாகத்தைத் திறந்து வைத்தார், பேராசிரியர் கைலாசபதி அதன் முதல் தலைவர். தமிழரசுக் கட்சி அதை வரவேற்கவில்லை. 1981இல் வந்தாறுமூலையில் மட்டக்களப்புப் பல்கலைக்கழகக் கல்லூரி வந்தது, 1986இல் அது கிழக்குப் பல்கலைக்கழகமானது. முதலில் பெயர் சொல்லப்பட்ட ஊர் வரிசையில் கடைசி.

இதில் நாங்கள் சத்தமாகக் கதைக்காத ஒன்று இருக்கு. தரப்படுத்தலை எல்லாரும் ஒரே குரலில் திட்டுவோம். 1970களின் தொடக்கத்தில் தமிழ்ப் பிள்ளைகளிடம் கூடுதல் புள்ளி கேட்டது அநியாயம்தான். ஆனால் பிறகு வந்த மாவட்டக் கோட்டா யாழ்ப்பாணத்துக்கு அடைச்ச கதவை திருகோணமலை, மன்னார், மட்டக்களப்புப் பிள்ளைகளுக்குக் கொஞ்சம் திறந்து விட்டது. தமிழர் என்ற ஒரே சொல்லுக்குள்ள எல்லா ஊருக்கும் ஒரே நட்டம் இல்லை. "எங்கே பல்கலைக்கழகம்" என்ற சண்டையும் அதைத்தான் காட்டுது.

அறுபதுகளிலேயே இங்கே பல்கலைக்கழகம் வந்திருந்தால் யுத்தம் நின்றிருக்கும் என்று நான் சொல்ல வரவில்லை. ஆனால் மூன்று சமூகமும் வாழும் ஊரில் ஒரு நூலகம், ஒரு வரலாற்றுத் துறை, ஊரைப் பற்றி எழுதுகிற ஆசிரியர்கள் இரண்டு தலைமுறைக்கு இருந்திருப்பார்கள். இன்றைக்கு வளாகத்தில் தொடர்பாடல், வணிகம், பிரயோக விஞ்ஞானம், சித்த மருத்துவம் எல்லாம் இருக்கு. வரலாறு படிக்க ஆசைப்படுகிற திருமலைப் பிள்ளை மட்டும் இன்னும் வந்தாறுமூலைக்கோ யாழ்ப்பாணத்துக்கோ பேராதனைக்கோ பெட்டி கட்ட வேண்டியிருக்கு. நானும் அப்படிக் கட்டினவன்தான். இந்த ஊரின் கதையை வேறு ஊர் நூலகத்தில் இருந்துதான் வாசிச்சேன்.