ஐயாறு

கொல்லிமலையைப் பற்றி எழுத உட்காருகிறவர்கள் ஓரியில்தான் தொடங்குகிறார்கள். காரி ஓரியைக் கொன்று மலையைச் சேரனிடம் கொடுத்ததை அகநானூறு சொல்கிறது. அத்தோடு மலையின் சரித்திரமே முடிந்துவிட்டது போல ஒரு பாவனை. பிறகு எஞ்சுவது கொல்லிப்பாவை. நற்றிணைப் பாட்டொன்றில் அவள் இருக்குமிடம் வெள்ளருவி விழும் மலை. காற்றோ மழையோ நில அதிர்ச்சியோ அவள் உருவைக் குலைப்பதில்லை. நம் படிப்பு பாவையோடு நின்றுவிட்டது. அருவி நிற்கவில்லை.

அந்த நீருக்கு ஐயாறு என்று பெயர். மேலே பல ஓடைகள் கூடி, அறப்பளீசுவரர் கோயிலைத் தாண்டி, ஆகாயகங்கையாக ஏறக்குறைய 300 அடி விழுகிறது. மலையடியில் புளியஞ்சோலை. கோயில் நாமக்கல் மாவட்டம், புளியஞ்சோலை திருச்சி மாவட்டம். ஒரே நீர் விழுந்து எழுவதற்குள் கலெக்டர் மாறிவிடுகிறார். பிறகு துறையூர், முசிறிப் பக்கத்து வயல்களைத் தொட்டுக் காவிரியின் வடகரையில் சேர்கிறது.

ஆற்றின் சரித்திரத்தை அரசர்களிடம் தேடிப் பயனில்லை. மேட்டு நிலத்தில் தேடவேண்டும். வளப்பூர் நாடு, வாழவந்தி நாடு என்று மலையை நாடுகளாகப் பிரித்து வாழும் மலையாளிகள், ஊற்று கசியும் பள்ளங்களில் நெல்லும், சரிவுகளில் சாமையும் தினையும் கேழ்வரகும் போட்டார்கள். இருபதாம் நூற்றாண்டின் கடைசிப் பகுதியில் சரிவுகளில் மரவள்ளி ஏறியது. சாமை வீட்டுச் சோறு. மரவள்ளி கீழ்நாட்டு ஜவ்வரிசி ஆலைகளுக்கு லாரியில் போகிற பணம். அதற்காக மலைக்காரனைக் குறை சொல்ல நான் தயாரில்லை. ஆனால் கிழங்கு பிடுங்கும்போது சரிவு கிளறப்படுகிறது. அடுத்த மழையில் அந்த மண் ஓடைக்குத்தான் வரும்.

மலையுச்சியில் வெட்டிய பாக்சைட் மேட்டூர் அலுமினிய ஆலைக்குப் போனது. கல் காவிரியின் மேல்பக்கம் போயிற்று, தண்ணீர் கீழ்பக்கம் போகிறது. இந்த நூற்றாண்டில் ஓடைகளை மறித்து 20 மெகாவாட் நீர்மின் திட்டம் ஒன்றும் வந்தது. திட்டக் கணக்கில் ஓடை என்பது இத்தனை மெகாவாட்.

ஆடிப் பதினெட்டு பெருக்கின் நாள். காவிரிக்கரையில் அன்று ஆற்றுக்குப் படையல். காவிரிக்கு நீர் அனுப்பும் இந்த மலையிலோ, அரசாங்கம் அதே நாட்களில் வல்வில் ஓரி விழா எடுக்கிறது. ஜனங்கள் என்னவோ அருவியில் குளித்துவிட்டுத்தான் மேடைப் பக்கம் வருகிறார்கள்.