எச்.ஐ.வி: வாழ்க்கைத் துணையிடம் டாக்டரே சொல்லிடுவாரா?

1986-ல் சென்னையில் எடுத்த ரத்த மாதிரிகளில், இந்தியாவின் முதல் எச்.ஐ.வி. தொற்றுகளைக் கண்டறிந்தது வேலூர் சி.எம்.சி.யில்தான். அந்த வேலூரிலும், ஷூ கம்பெனிகள் நிறைந்த ஆம்பூரிலும் 'வீட்டுக்குத் தெரிஞ்சிடுமோ' என்ற பயம் இன்றும் பலரைப் பரிசோதனைக்குப் போகவிடாமல் தடுக்கிறது.

2018 செப்டம்பர் 10 முதல் அமலில் உள்ள எச்.ஐ.வி. சட்டப்படி, டாக்டர் எடுத்த எடுப்பிலேயே சொல்ல முடியாது. நீங்களே சொல்லும்படி முதலில் ஆலோசனை தரணும். அப்புறமும் சொல்லாமல், துணைக்குத் தொற்று அபாயம் அதிகம் என்றால், உங்களுக்குத் தெரிவித்துவிட்டு அவரிடம் நேரில் சொல்லலாம்.

பெண்களுக்கு விலக்கு உண்டு. அடிப்பார், துரத்திவிடுவார் என அஞ்ச நியாயமான காரணம் இருந்தால், கணவரிடம் டாக்டர் சொல்லவே கூடாது. கணவரால் தொற்று வந்த மனைவியே பழி சுமக்கும் ஊரில், இந்த வரி சும்மா எழுதப்பட்டதில்லை.

கூட்டு மருந்தை விடாமல் சாப்பிட்டு, ரத்தத்தில் வைரஸ் கண்டறிய முடியாத அளவுக்குக் குறைந்த நிலை நீடித்தால், உடலுறவு மூலம் பரவாது. துணையிடம் பேசும்போது இதையும் சொல்லுங்க. ஆலோசனைக்கு 1097, கட்டணம் இல்லை.