நூல் அறுந்தால் நிற்கும் தறி

கிரிவலப் பாதையின் 14 கிலோமீட்டரையும் நடப்பவர்களுக்கு, அடி அண்ணாமலை வந்து சேரும்போது பாதி வழி கழிந்துவிட்டது என்ற ஆறுதல் உண்டாகும். பெரிய கோயிலின் கூட்டமும் கடைவீதிச் சந்தடியும் மலைக்கு அந்தப் பக்கத்தோடு நின்றுவிடும். இந்தப் பக்கம் இருப்பது பழைய சிறு கோயிலும், கொஞ்சம் வீடுகளும், மலையின் இன்னொரு முகமுந்தான். மாணிக்கவாசகர் இங்கே தங்கியிருந்தபோதுதான் திருவெம்பாவையைப் பாடினார் என்பது தலத்தார் வழிவழியாகச் சொல்லிவரும் செய்தி. அவருக்கு இங்கே தனிக் கோயிலே இருக்கிறது.

ஒரு மார்கழி விடியற்காலையில் அந்த ஊரைக் கடந்துகொண்டிருந்தேன். பனி இறங்கியிருந்தது. ஒரு வீட்டு வாசலில் நின்று ஒரு பெண், "ஏண்டி, இன்னுமா எழுந்திருக்கலை? வேன் வந்துடுமடி!" என்று உள்ளே இருப்பவளை எழுப்பிக்கொண்டிருந்தாள். திருவெம்பாவையிலும் இதேதான் நடக்கிறது: விடிந்தது தெரியாமல் தூங்குபவளைத் தோழிகள் வாசலில் நின்று எழுப்புகிறார்கள். அந்தப் பெண்கள் நீராடப் போனார்கள். இந்தப் பெண்கள் ஆயத்த ஆடைக் கம்பெனிக்குச் சட்டை தைக்கப் போகிறார்கள். கையில் குடத்துக்குப் பதில் டிபன் டப்பா. வித்தியாசம் அவ்வளவுதானா என்று யோசித்தபடியே தேநீர்க் கடை பெஞ்சில் உட்கார்ந்தேன்.

வேனுக்குக் காத்திருந்த ஒரு நடுவயது அம்மாளிடம் பேச்சுக் கொடுத்தேன்.

"எத்தனை வருஷமாகத் தைக்கிறீர்கள் அம்மா?"

"பத்து வருஷம் ஆச்சுங்க ஐயா."

"அப்படியானால் ஆயிரக்கணக்கில் சட்டை தைத்திருப்பீர்கள்!"

அவள் சிரித்துவிட்டாள். "நான் எங்கய்யா சட்டை தைச்சேன்? எட்டு வருஷம் காலர் மட்டும்தான் தைச்சேன். கட்டுக்கட்டா கொண்டாந்து போடுவாங்க. முடிச்சுத் தள்ளினா அடுத்த மேஷினுக்குப் போகும். முழுச் சட்டையை நான் கண்டதில்லை. இப்பத்தான் 'லீன்' வந்திருக்குதாம். கட்டெல்லாம் கிடையாது. வளைச்சு நாலஞ்சு மேஷின் போட்டு, நின்னுக்கிட்டே தைக்கணும். ஒரு பீஸ் முடிஞ்சாத்தான் அடுத்தது."

"தப்பு வந்தால்?"

"சிவப்பு லைட்டு போடலாம்னு எழுதி மாட்டியிருக்காங்க." கொஞ்சம் நிறுத்தி, "போட்டுப் பார்த்தவங்களுக்குத்தான் தெரியும்" என்றாள்.

வேன் வந்துவிட்டது. அந்தச் சிவப்பு விளக்கு மட்டும் என் மனத்தைவிட்டுப் போகவில்லை. வீடு திரும்பியதும் அதன் பூர்வோத்தரத்தைத் தேடிப் படித்தேன். சட்டையில் தொடங்கிய தேடல் ஒரு தறியில் போய் நின்றது.

ஜப்பானில் ஒரு தச்சரின் மகனாக 1867-ஆம் ஆண்டில் பிறந்தவர் சாகிச்சி டொயோடா. தாயும் அக்கம்பக்கத்துப் பெண்களும் கைத்தறியில் படும் பாட்டைப் பார்த்து வளர்ந்த பிள்ளை. அந்தப் பாட்டைக் குறைக்க வேண்டும் என்ற எண்ணத்திலேயே அவர் வாழ்நாள் கழிந்தது. 1890-இல் ஒரு மரத்தறி செய்தார். பிறகு நீராவியால் ஓடும் தறி. கடைசியில், 1924-ஆம் ஆண்டில், உலகத்தையே திரும்பிப் பார்க்க வைத்த தானியங்கித் தறி. நூல் தீர்ந்த நாடாவை ஓட்டத்தை நிறுத்தாமலே அது மாற்றிக்கொள்ளும். அதைவிடப் பெரிய விஷயம் வேறு: பாவில் ஓர் இழை அறுந்தாலும் தறி தானே நின்றுவிடும்.

இழை அறுந்தது தெரியாமல் தறி ஓடினால் என்ன ஆகும்? முழத்துக்கு முழம் பழுதுள்ள துணி சேரும். அதைத் தடுக்கத் தறிக்கு ஓர் ஆள் வீதம் கண் கொட்டாமல் காவல் நிற்க வேண்டும். தறி தானே நிற்கக் கற்றுக்கொண்டதும் அந்தக் காவல் வேலை ஒழிந்தது. ஒருவரே பல தறிகளைப் பார்த்துக்கொள்ள முடிந்தது. 1929-இல் இங்கிலாந்தின் பிளாட் சகோதரர்கள் கம்பெனி இந்தத் தறியின் உரிமையை ஒரு லட்சம் பவுன் விலை பேசி வாங்கிற்று. லங்காஷயர் துணியால் நொந்துபோன நம் நெசவாளர்களை நினைத்துக்கொண்டு இதைப் படித்தால் சற்றே திருப்தியாகக்கூட இருக்கிறது. அதே லங்காஷயர், ஓர் ஆசியத் தச்சர் மகனிடம் தறி வாங்க வந்துவிட்டதே!

அந்த 1924-ஆம் ஆண்டிலேயே நம் நாட்டில் இயந்திரத்தைப் பற்றி ஒரு முக்கியமான பேச்சு நடந்தது. சாந்திநிகேதனத்து மாணவர் ஜி. ராமச்சந்திரன் காந்தியடிகளிடம், "எல்லா இயந்திரங்களையும் வெறுக்கிறீர்களா?" என்ற கருத்தில் கேட்டார். இயந்திரத்தை அல்ல, அதன் மேலுள்ள வெறியையே எதிர்ப்பதாகக் காந்தியடிகள் விளக்கினார். உழைப்பை மிச்சப்படுத்துகிறோம் என்று சொல்லி ஆயிரக்கணக்கானவர்களை வேலையின்றித் தெருவில் விடுவதையே அவர் குறை சொன்னார். சிங்கர் தையல் இயந்திரத்துக்கு மட்டும் விலக்கு அளித்தார். மனைவி ஊசியும் கையுமாகப் படும் துன்பத்தைக் கண்டு அன்பினால் சிங்கர் அதைச் செய்தார் என்பது அவர் சொன்ன காரணம்.

வரலாற்றைப் புரட்டினால் ஐசக் சிங்கர் அத்தனை கனிந்த கணவராகத் தெரியவில்லை. பணத்தில் குறியானவர், ஒன்றுக்கு மேற்பட்ட குடும்பம் வைத்திருந்தவர். காந்தியடிகள் சிங்கரிடம் தேடிய குணம், அதே ஆண்டில் தறி செய்து முடித்த சாகிச்சியிடம் இருந்தது. ஒருவரைப் பற்றி மற்றவர் அறிந்தாரோ இல்லையோ, கேள்வி ஒன்றேதான்: இயந்திரம் யாருடைய பாரத்தைக் குறைக்கிறது?

சாகிச்சி 1930-இல் காலமானார். அவர் மகன் கீச்சிரோ துணியை விட்டு மோட்டாருக்குப் போனார். 1937-இல் டொயோட்டா மோட்டார் கம்பெனி தோன்றியது. குடும்பத்தின் நூற்பாலையில் 1932-இல் வேலைக்குச் சேர்ந்திருந்த தாயிச்சி ஓனோ என்பவர் 1943-இல் மோட்டார் பக்கம் மாற்றப்பட்டார். போருக்குப் பின் கம்பெனி திவாலாகும் நிலைக்கு வந்தது. 1950-இல் ஆட்குறைப்பு, வேலைநிறுத்தம். கீச்சிரோவே பதவி விலகினார். கையில் பணமில்லை, உதிரிப் பாகங்களை வாங்கிக் குவிக்க வழியில்லை. அந்த வறுமையில்தான் ஓனோவின் முறை உருவாயிற்று. அடுத்தவருக்கு எது, எப்போது, எவ்வளவு வேண்டுமோ அதை மட்டும் செய். குவித்து வைக்காதே. தப்புக் கண்டால் மறைக்காதே. விளக்கைப் போடு, வரிசையை நிறுத்து. அந்த விளக்குக்கு ஜப்பானியர் 'அந்தோன்' என்று பெயர் வைத்தார்கள்; காகித விளக்கு என்று அர்த்தம். நூல் அறுந்தால் நிற்கும் தறியின் புத்தி, தொழிலாளியின் கைக்கு வந்தது இப்படித்தான்.

அமெரிக்க ஆராய்ச்சியாளர் ஜான் கிராஃப்சிக் 1988-இல் இந்த முறைக்கு 'லீன்', அதாவது மெலிந்தது, என்று பெயர் சூட்டினார். அதற்குப் பத்தாண்டுக்கு முன்பே, 1978 வாக்கில், டொயோட்டா குழுமத்தைச் சேர்ந்த அய்ஸின் கம்பெனி இந்த முறையைத் தையலுக்குப் பொருத்திவிட்டது. வளைத்துப் போட்ட இயந்திரங்கள், நின்று தைக்கும் ஆட்கள், கைக்குக் கை மாறும் ஒற்றைத் துணி. அடி அண்ணாமலை அம்மாள் சொன்னது இதைத்தான். துணியிலிருந்து மோட்டாருக்குப் போன யோசனை மறுபடி துணிக்கே வந்து சேர்ந்தது. 2005-ஆம் ஆண்டுத் தொடக்கத்தில் உலக ஆடை வியாபாரத்தின் கோட்டா முறை ஒழிந்து போட்டி முற்றியபோது, இலங்கையின் பெரிய கம்பெனிகளும் நம் நாட்டுக் கம்பெனிகளும் இதைக் கற்றுக்கொள்ள முனைந்தன.

முறையில் நன்மை இல்லாமல் இல்லை. கட்டுக்கட்டாகத் தைக்கும்போது காலரில் நேர்ந்த தப்பு நூறு சட்டை கடந்த பிறகுதான் வெளிப்படும்; அத்தனையையும் பிரித்துத் தைக்க வேண்டும். ஒற்றைத் துணியாக நகர்ந்தால் இரண்டாம் சட்டையிலேயே தெரிந்துவிடும். எட்டு வருஷம் காலரே கதி என்று கிடந்தவள் கைப்பட்டியும் தைக்கக் கற்றுக்கொள்கிறாள். இவையெல்லாம் ஆதாயந்தான்.

ஆனால் ஜப்பானியர் ஒழிக்கச் சொன்ன தீமைகள் மூன்று. 'முடா' என்பது வீண். 'முரா' என்பது ஏற்றத்தாழ்வு. மூன்றாவது 'முரி'. நம் காதுக்கு அது 'முறி' என்றே கேட்கிறது. பொருளும் வெகு தூரத்தில் இல்லை. மனிதரையும் இயந்திரத்தையும் தாங்கும் அளவுக்கு மேல் சுமத்துவது அது. முதலாவதை எழுதிச் சுவரில் மாட்டும் முதலாளிகள் பலர் மூன்றாவதை மறந்துவிடுகிறார்கள். தண்ணீர் குடிக்கப் போவது வீண், பக்கத்தில் இருப்பவளிடம் ஒரு வார்த்தை பேசுவது வீண் என்று கணக்குப் போட்டால், மெலிவது குவியல் அல்ல, தொழிலாளி. மிச்சமான நிமிஷம் யாருக்குச் சேருகிறது? நாளைக்கு இன்னும் பத்துச் சட்டை என்று இலக்கு ஏறினால், அது அவளுக்குச் சேரவில்லை.

திண்டுக்கல் மாவட்டத்தில் ஓர் ஆடைத் தொழிற்சாலையில் வேலை செய்த இளம்பெண் 2021 ஜனவரியில் கொலையுண்டாள். மேற்பார்வையாளர் ஒருவர் மீது குற்றம் சாட்டப்பட்டது. அந்த ஆலையில் அறுந்த இழைகள் அதற்கு முன்பே பல இருந்தன என்று பெண் தொழிலாளர்கள் பின்னர் சொன்னார்கள். அவர்களுடைய சங்கம் போராடியதன் பலனாக 2022 ஏப்ரலில் 'திண்டுக்கல் ஒப்பந்தம்' ஏற்பட்டது. ஈஸ்ட்மன் எக்ஸ்போர்ட்ஸ் கம்பெனியும் எச் அண்ட் எம் என்ற வெளிநாட்டு வியாபாரியும் அதற்குக் கட்டுப்பட்டார்கள். வேறு வியாபாரிகளும் பின்னர் சேர்ந்தார்கள். தையல் வரிசையில் இருப்பவர்களிலேயே சிலர் பயிற்சி பெற்று, தொல்லை நேர்ந்தால் எடுத்துச் சொல்லவும், சொன்னவளைப் பழிவாங்காமல் இருக்கவும் அதில் ஏற்பாடு உண்டு. 1924-இல் காந்தியடிகளிடம் கேள்வி கேட்ட அதே ராமச்சந்திரன்தான், சௌந்தரம் அம்மையாருடன் 1947-இல் காந்திகிராமத்தைத் தொடங்கினார். அதுவும் திண்டுக்கல் பக்கத்து ஊர்தான். அவர் கேட்ட கேள்விக்கு ஒரு சிறு பதிலை அந்த மண்ணின் பெண்களே எழுதினார்கள் என்று எனக்குத் தோன்றுகிறது.

இதை எழுதும்போது அந்த அம்மாளின் குரல் மறுபடி கேட்கிறது: "போட்டுப் பார்த்தவங்களுக்குத்தான் தெரியும்." லீன் என்பதை வளைத்துப் போட்ட மேஷினில் தேட வேண்டியதில்லை. அந்தச் சிவப்பு விளக்கை அவள் பயமில்லாமல் போடுகிறாளா என்று பார்த்தால் போதும். போட்டவளைத் திட்டுகிற இடத்தில் ஜப்பானியப் பெயர்கள் இருக்கலாம். சாகிச்சியின் தறி இல்லை. ஓர் இழை அறுந்ததற்காகத் தறியை நிறுத்தினார் அவர். நிறுத்தியதால் அவருக்கு நஷ்டம் ஒன்றும் வரவில்லை.