சுரங்கத் தொழிலாளர் வென்ற வெள்ளிக் கிண்ணம்

இங்கிலாந்தின் வடகிழக்கிலே, நிலக்கரிக்குப் பெயர்பெற்ற டறம் மாவட்டத்தில், வெஸ்ட் ஓக்லண்ட் என்னும் சிற்றூர் இருக்கின்றது. இவ்வூரின் உதைபந்தாட்டக் கழகம் 1893ஆம் ஆண்டில் தோன்றியது. அதன் ஆட்டக்காரருட் பெரும்பாலோர் சுரங்கத் தொழிலாளர். நிலத்தின் அடியில் உழைத்த களைப்புத் தீர, ஓய்வுநாளிற் பந்தை உதைத்து மகிழ்ந்தவர்கள் அவர்கள். இத்தகைய கழகங்கள் அம்மாவட்டத்தில் எத்தனையோ இருந்தன. எனினும், இந்த ஒரு கழகத்தின் பெயரே கடல் கடந்து ஒலித்தது. அவ்வரலாற்றில் இலங்கைக்கும் ஒரு பங்கு உண்டு.

கிளாஸ்கோ நகரிற் பிறந்து, மளிகை வணிகத்தாற் செல்வரான தோமஸ் லிப்டன் 1890இல் இலங்கைக்கு வந்தார். அப்புத்தளையை அடுத்த தம்பேதன்னை முதலிய தோட்டங்களை அவர் வாங்கினார். அங்கே தமிழ்த் தொழிலாளர் கொய்த கொழுந்து, அவருடைய பெயர் பொறித்த பொதிகளில் உலகமெங்கும் சென்றது. 1898இல் அவர் ‘சேர்’ பட்டமும் பெற்றார். விளையாட்டில் ஆர்வம் மிக்க அவர், பல நாட்டுக் கழகங்கள் போட்டியிடுவதற்கென ஒரு வெள்ளிக் கிண்ணத்தை வழங்கினார். போட்டி நிகழ்ந்த இடம் இத்தாலியின் தூரின் நகரம், ஆண்டு 1909.

இத்தாலி, ஜெர்மனி, சுவிற்சர்லாந்து ஆகிய நாடுகளின் கழகங்கள் போட்டிக்கு வந்தன. இங்கிலாந்தின் உதைபந்தாட்டச் சங்கமோ அணி அனுப்ப மறுத்துவிட்டது. அந்நிலையில் அழைப்பு வெஸ்ட் ஓக்லண்ட் கழகத்திற்குச் சென்றது. வேறொரு பெரிய கழகத்திற்குப் போகவேண்டிய கடிதம், பெயரின் முதலெழுத்துகள் ஒன்றாயிருந்தமையால், இவ்வூருக்கு வந்ததென்று ஒரு கதை உண்டு. அதற்குச் சான்று இல்லை. பயணச் செலவுக்காக ஆட்டக்காரர் சிலர் தம் உடைமைகளை விற்றனர் என்றும் கூறுவர்.

அவர்கள் ஸ்டுட்கார்ட் அணியை 2–0 என வென்றனர். இறுதியாட்டத்தில் சுவிற்சர்லாந்தின் வின்டதூர் அணியையும் 2–0 என வென்று கிண்ணத்தைக் கைப்பற்றினர். 1911இல் மீண்டும் தூரின் சென்றனர். இம்முறை சூரிச் அணியை வென்று, இறுதியாட்டத்தில் யுவென்டஸ் கழகத்தை 6–1 எனத் தோற்கடித்தனர். இருமுறை அடுத்தடுத்து வென்றமையால் கிண்ணம் அவர்களுக்கே உரியதாயிற்று. உருகுவே நாட்டில் முதலாவது உலகக் கிண்ணப் போட்டி நடைபெற்றது 1930இலேதான். ஆதலின், தம் ஊரே முதல் உலகக் கிண்ணத்தை வென்றதென்று அவ்வூர் மக்கள் பெருமை பாராட்டுவதிற் வியப்பில்லை.

ஆனால், வெற்றியோடு கடனும் வந்தது. பயணச் செலவினாற் கழகம் நொடித்தது. ஊரிலிருந்த விடுதி ஒன்றின் உரிமையாளரான பெண்ணிடம் 40 பவுணுக்குக் கிண்ணம் ஈடு வைக்கப்பட்டது. ஏறத்தாழ அரை நூற்றாண்டு கழிந்தது. 1960இல் ஊர் மக்கள் நிதி திரட்டி, 100 பவுண் கொடுத்து அதனை மீட்டனர். மறு ஆண்டே கழகம் பயில்முறையாளர் கிண்ணத்தின் இறுதியாட்டத்திற்காக வெம்பிளி அரங்கை மிதித்தது. 2–1 எனத் தோல்வியுற்றது.

மீட்ட கிண்ணமும் நிலைக்கவில்லை. 1994இல் கள்வர் அதனைக் கவர்ந்து சென்றனர். அது பின்னர் அகப்படவேயில்லை. அதே வடிவில் வேறொரு கிண்ணம் செய்து ஊரார் வைத்துக்கொண்டனர். 2013இல் ஊரின் புற்றரையில் அந்த வெற்றியை நினைவூட்டும் சிலை நாட்டப்பட்டது.

அக்கிண்ணத்தை ஈந்தவர் பெயர் ஏடுகளில் இருக்கின்றது. ஆனால் அதனை வாங்கிய செல்வத்திலே மலைநாட்டிற் கொழுந்து கொய்தோரின் உழைப்பும் கலந்திருந்தது. அதனை வென்றவர்களோ கரி வெட்டியவர்கள். ஒருவரையொருவர் ஒருபோதும் கண்டிராத இரு உழைக்கும் கூட்டத்தாரை அந்த வெள்ளிக் கிண்ணம் இணைத்தது. வெள்ளி களவு போயிற்று. ஊரார் அதன் நினைவைக் கைவிடவில்லை. ஒரு சிறு கழகத்தை நூறாண்டுக்கு மேல் வாழவைப்பது, வென்ற பரிசன்று. இழந்தபோதும் அதனைத் தமதென்று கருதும் மக்களின் பற்றேயாம்.